உப்பங்கழியில் விட்ட பானை

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கடற்கரை ஊரான லூமுட்டுக்குப் போய்வந்த கதையை என் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். சொல்லச் சொல்ல அதில் ஒரு முதலை வந்து சேர்ந்தது. பிறகு அந்த முதலை லோரியை விட நீளமாகிவிட்டது. பல வருஷம் அதைக் கேட்டுக்கொண்டே பலகாரத் தட்டை நீட்டியதில், நான் கண்டது எது, அவர் சொன்னது எது என்று பிரிக்க முடியாமல் போயிற்று. முதலை இருந்ததா? தெரியவில்லை. ஆனால் அவர் யாரிடமும் ஒரு தடவைகூடச் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. அதில் அவருடைய வார்த்தை எதுவும் கலக்கவில்லை என்பதால் அதை மட்டும் நம்புகிறேன். அதிலும் வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தா இருபத்தாறா என்பது சந்தேகம்தான். ரப்பர் விலை ஏறிக் கிடந்த காலம். ஈஸ்டருக்கு மறுநாள்.

என் கணவர் சூசைநாதன் மலாயாவில், செமோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் வாசிப்பவர். அன்று யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று முடிவு செய்பவர். நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிது. மலாய் தெரியாது. பேச்சும் குறைவு. கிடைத்த புத்தகத்தை வாசிப்பேன், இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பேன். "கத்தரின், வாயில கொழுக்கட்டையா?" என்று அவர் கேட்பார். அதற்கும் பதில் சொல்லமாட்டேன்.

என்னோடு கொஞ்சம் பேசியவள் வீராயி ஒருத்திதான். ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவள். வேலை முடிந்து வந்து எங்கள் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். அவள் புருஷன் சன்னாசி, மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கிய சமயத்தில், காய்ச்சலில் இறந்துபோனான். எரித்த மறுநாள் எலும்பைப் பொறுக்கிப் பானையில் போட்டு, அருகில் ஓடுகிற ஆற்றில் விடுவதுதான் தோட்டத்தில் வழக்கம். வீராயி விடவில்லை. எலும்புப் பானையை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்பதால், கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பலாமரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். மழைக்கு மேலே ஒரு தகரத்தையும் வைத்திருந்தாள்.

ஏன் இன்னும் விடவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்த ஆத்துலயா, கிராணியம்மா? அது ஆறா? ஈயச் சுரங்கக்காரன் கழுவி விட்ட சேறு. அதுல விட்டா, ஈப்போவத் தாண்டறதுக்குள்ள எவன் ஈயம் அரிக்கிற பலகையிலயாவது போயி நிப்பாரு. மண்ணோட மண்ணா அரிச்சுத் தூரப் போடுவான்."

"பிறகு?"

"கடல்ல விடணும். நாங்க ஏறி வந்த நாகப்பட்டினத்துலயும் இதே தண்ணிதானே வந்து முட்டும். அவருக்கு அது தெரிஞ்ச வழி." பானைப் பக்கம் திரும்பி, "உசுரோட போகணும்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்றாள்.

தகரத்தை நேராக நகர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போனாள்.

ஈஸ்டருக்கு என் கணவர் லூமுட் பயணம் ஏற்பாடு செய்தபோது, வீராயியையும் கூட்டிப் போகலாம் என்று கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். "வரட்டும். கூடை தூக்க, பாத்திரம் கழுவ ஒரு ஆள் வேணும்" என்றார். பிறகு வீராயியைக் கூப்பிட்டு, அவளுக்காகவே கடலுக்குப் போவதுபோலச் சொன்னார். அவள் காலில் விழுந்தாள். அவர் காலை நகர்த்தவில்லை.

ரப்பர் சீட்டு ஏற்றுகிற லோரி அது. எவ்வளவு கழுவினாலும் புகையும் புளிப்புமாக ஒரு வாடை பலகையை விட்டுப் போகாது. ஓட்டியவன் பத்துமலை, இந்த நாட்டிலேயே பிறந்தவன், வாயாடி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் ஜெயபாலனும் அவர் மனைவி மங்களமும் வந்தார்கள். எங்கள் தோட்டத்தில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு இல்லை என்று சொல்லுகிற அதிகாரம் ஜெயபாலனுடையது. சன்னாசியின் கையைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் இல்ல, பெரட்டுக்குப் போ" என்று இரண்டு நாள் வேலைக்கு அனுப்பியவர் அவர்தான்.

மங்களம் லோரியில் கால் வைக்குமுன்பே பானையைப் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே இது, எலும்புச் சட்டியையும் கூட்டிக்கிட்டா சோறு கட்டிப் போறது?"

"உள்ள வராது, பின்னால வெளியிலதான் தொங்கும்" என்றார் என் கணவர்.

"காத்துன்னு ஒண்ணு அடிக்காதா?"

"லோரி முன்னால போகும்க்கா, காத்து பின்னால போகும். ஒங்க கோழிக்கறி பத்திரமா இருக்கும் லா" என்றான் பத்துமலை.

எல்லாரும் சிரித்தார்கள். பின்பலகையின் கொக்கியில் பானையைக் கட்டியாயிற்று. வாய்க்கு மஞ்சள் துணி. வீராயி பலகையோரமாக உட்கார்ந்து, கையை வெளியே நீட்டி, பானை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். பாத்துகாஜா தாண்டி, பேராக் ஆற்றில் லோரியை மிதவையில் ஏற்றிக் கடந்து, அந்தப் பக்கத்துச் செம்மண் சாலை முழுக்க அந்தக் கையை அவள் உள்ளே எடுக்கவில்லை. வழியில் ஜெயபாலன் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். காற்றில் அது பின்பலகை ஓரமாக வழிந்து பானையின் மேல் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த வெற்றிலையை மடித்தார். வீராயி முந்தானையால் பானையைத் துடைத்தாள். எனக்குக் குமட்டியது. வண்டி ஆட்டம் என்று மங்களம் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

லூமுட் துறையில் ஓர் ஆமையை மல்லாத்திப் போட்டிருந்தார்கள். துடுப்புகளில் ஓட்டை போட்டுப் பிரம்பால் கட்டியிருந்தது. அதன் கண்ணிலிருந்து பசைபோல ஏதோ வடிந்துகொண்டிருந்தது. ஜெயபாலன் குந்தி உட்கார்ந்து, அதன் துடுப்பைப் பிடித்து நாடி பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்ல. பெரட்டுக்குப் போ."

என் கணவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீராயி எங்கள் பின்னால் கூடையோடு நின்றிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என் கணவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாய் திறந்து மூடிய விதத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

பங்கோர் தீவுக்குச் சம்பான் படகு பேசியிருந்தது. பானையைச் சம்பானில் ஏற்ற மங்களம் விடவில்லை. "அது உள்ள வந்தா நான் எறங்கிக்குவேன்." வீராயி என் கணவரைப் பார்த்தாள். அவர் கரையிலிருந்த புன்னை மரத்தைக் காட்டினார். "அதுல கட்டு. திரும்பி வரும்போது நல்ல எடமா பாத்து விட்டுக்கலாம்."

அவள் கட்டினாள். கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். நடுக்கடலில் தண்ணீர் கருநீலமாக இருந்தது. அவள் சம்பான் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கும்படி, "இங்கயே விட்டிருக்கலாம்மா, இம்புட்டுத் தண்ணி கெடக்கு" என்றாள். நான் அதை என் கணவரிடம் சொன்னேன். "சாயங்காலம் பாத்துக்கலாம். கடல் எங்கேயும் ஓடிப்போயிடாது" என்றார்.

தீவில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை ஒன்று இடிந்து கிடந்தது. கூரையில்லாத நான்கு செங்கல் சுவர்கள். உள்ளே ஆட்டுப்புழுக்கையும் பழைய மழைத்தண்ணீரும். என் கணவர் சரித்திரம் சொன்னார். சொல்லிவிட்டு, பேனாக்கத்தியால் ஒரு செங்கல்லில் ஆங்கிலத்தில் தன் பெயரைக் கீறினார். ஜெயபாலன் மூலையில் போய்ச் சுவரோடு நின்று, பேசிக்கொண்டே ஒன்றுக்கு விட்டார். ஈரம் செங்கல்லில் பரவி, என் கணவர் பெயர் கீறிய இடத்துக்குக் கீழே வந்து நின்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த எனக்குச் சிறு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷமும் பிடிக்கவில்லை.

அருகில் பெரிய பாறை ஒன்றில் ஒரு மிருகம் செதுக்கியிருந்தது. அது புலி என்றும், டச்சுக்காரன் பிள்ளையைத் தூக்கிப்போன புலி என்றும் என் கணவர் சொன்னார்.

"புள்ள கெடச்சுதாங்கய்யா?" என்று கேட்டாள் வீராயி. அன்று அவரிடம் அவளாகக் கேட்டது அது ஒன்றுதான்.

"இல்லயாம்."

"எலும்பாச்சும்?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? நீ போயி இலையப் போடு."

மணலில் இலை போட்டாள். கோழிக்கறி, சோறு, அவித்த ஆமை முட்டை. ஆமை முட்டையின் ஓடு தோல் மாதிரி இருக்கும். அதைக் கிழித்து உறிஞ்ச வேண்டும். என் கணவர் உறிஞ்சும் சத்தம் அலைச் சத்தத்துக்கு மேலே கேட்டது. மஞ்சள் கரு தாடையில் வழிந்தது. நான் வெறும் சோறு தின்றேன். அலை ஒதுக்கிய இடத்தில், இரும்புச் சட்டியைக் கவிழ்த்ததுபோல முதுகும் நீள வாலுமாக இரண்டு நண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. பத்துமலை மேலே இருந்ததைப் பிய்த்தெடுத்தான்.

"பாத்தீங்களா டிரெஸ்ஸரே, பொண்டாட்டி முதுகுலயே குடித்தனம்."

"உன்னை மாதிரி."

"எனக்கு முதுகும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல."

பிய்த்ததை மல்லாத்திப் போட்டார்கள். அது எல்லாக் கால்களையும் காற்றில் அசைத்துக்கொண்டிருந்தது. கரையில் கூட்டம் கூட்டமாக வெள்ளைப் பறவைகள், மரத்தில் பெரிய அலகோடு இருவாச்சிகள், பச்சையாகத் தெளிந்த தண்ணீர். நல்ல ஊர்தான். நாங்கள்தான் அதன்மேல் ஈக்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். எச்சில் இலைகளையும் எலும்பையும் மங்களம் கூடையிலேயே கட்டி வைத்தாள்; சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

லூமுட் திரும்பியபோது மழைமேகம் மூடியிருந்தது. புன்னை மரத்தில் பானை அப்படியே இருந்தது. துறைக்குக் கொஞ்சம் தள்ளி நல்ல மணற்கரை இருப்பதாகப் பத்துமலை சொன்னான். என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அவ்வளவு தூரம் வேணாம். போற வழியில ஒரு கழி இருக்கு. அதுவும் கடல்தான். அங்கேயே முடிச்சிட்டுப் போவோம்."

அந்த இடம் இப்படி இருந்தது: கடலை மறித்துக்கொண்டு நீளமாக ஒரு மணல்திட்டு. அதற்குள்ளே தேங்கிய உப்பங்கழி. எங்கோ ஒரு வாயின் வழியாகக் கடலும் கழியும் சேருகின்றன. ஆனால் லோரி நின்ற இடத்திலிருந்து கடலும் தெரியவில்லை, வாயும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் வேர்களை ஊன்றி நிற்கும் சதுப்பு மரங்கள், நடுவில் ஆறு மாதிரி ஒரு கால்வாய். தண்ணீர் நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுற ஓட்டத்தப் பாரு. கடலுக்குப் போறதுக்கு என்னா அவசரம்!" என்றான் பத்துமலை.

எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் காவிரிக்கரையில் வளர்ந்தவள். மற்றவர்கள் கிந்தா ஆற்றையும் தோட்டத்து ஓடைகளையும் பார்த்தவர்கள். கரைக்கு நடுவில் தண்ணீர் ஓடினால் அது கடலை நோக்கித்தான் ஓடும் என்பது எங்களுக்குக் கேட்கவேண்டிய கேள்வியே அல்ல. கடல் தண்ணீர் ஏறும்போது கால்வாய் பின்னோக்கி ஓடும் என்று உள்நாட்டுக்காரர்களுக்கு யார் சொன்னார்கள்?

மங்களம் கூடையைக் கவிழ்த்து எச்சில் இலைகளைத் தண்ணீரில் கொட்டினாள். அவை மடிந்தபடியே மிதந்து போயின. "இங்கயா கொட்டறது?" என்று கேட்டேன். "கடலுக்குத்தானே போவுது" என்றாள்.

தெப்பத்துக்கு வாழைத்தண்டு கேட்டுப் பத்துமலை பக்கத்து மலாய்க் கம்பத்து வீடுகளுக்குப் போயிருந்தான். அப்போது ஒரு மலாய்க்காரப் பெண் சேற்றில் சிப்பி பொறுக்கிவிட்டுக் கூடையோடு வந்தாள். வயது நாற்பது இருக்கும். கரையில் இருந்த பானையையும் சூடத்தையும் மஞ்சள் துணியையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கூடையை இறக்கிவைத்துவிட்டு என் கணவரிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். தண்ணீரைக் காட்டினாள். கையால் உள்ளே, உள்ளே என்று காட்டினாள். பிறகு உள்ளங்கையைத் தாழ்த்தி, பொறுங்கள் என்பதுபோல அசைத்தாள். "பாசாங்" என்ற சொல் மட்டும் என் காதில் நின்றது.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"சிப்பி வேணுமான்னு கேக்கறா" என்றார்.

அவளிடம் மலாயில் வெடுக்கென்று ஏதோ சொன்னார். அவள் வீராயியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பத்துமலை வாழைத்தண்டோடு வந்தான். மூன்று துண்டுகளை ஈர்க்கால் கோத்துத் தெப்பம் செய்தான். எல்லாம் ஆனபின் வீராயி அவன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, எனக்குப் புள்ள இல்ல. தோட்டத்துல கொள்ளி வச்சவரு ஊருக்குப் போயிட்டாரு. நீ புள்ளையா நின்னு விடறியா?"

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நானா? எனக்கு ஒண்ணும் தெரியாதேக்கா."

"தெரிய வேணாம். நின்னா போதும்."

அவன் சட்டையைக் கழற்றி லோரிக் கதவில் போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். பானையைத் தலைக்கு மேலே தூக்கி, தெப்பத்தில் வைத்து, சூடத்தைக் கொளுத்தினான். வாய்க்குள் என்ன சொன்னானோ. கையை எடுத்ததும் தெப்பம் சரசரவென்று போயிற்று.

"போறாரு" என்றாள் வீராயி. "அம்மா, பாருங்க, போறாரு." அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. தெப்பத்தோடு கரையோரமாகவே நடந்தாள். நானும் பின்னால் நடந்தேன். பத்துமலை தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். மற்ற மூவரும் லோரிக்குப் போய்விட்டார்கள்.

கால்வாய் ஒரு வளைவு திரும்பியது. வளைவைத் தாண்டினால் கடல் தெரியும் என்று நினைத்திருந்தோம். கடல் இல்லை. கால்வாய் குறுகி, சதுப்புக் காட்டுக்குள் போய் முடிந்தது. வேர்களுக்கு நடுவில் நுரையும் குப்பையும் செத்த மீனும் சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. தெப்பம் அங்கே ஒரு வேரில் இடித்துச் சாய்ந்து கிடந்தது. பானையின் வாய்த் துணி அவிழ்ந்து, பாதி வெளியே கொட்டியிருந்தது. அதைச் சுற்றி எங்கள் எச்சில் இலைகள். நாங்கள் தின்ற கோழியின் எலும்புகள். மங்களம் கொட்டியவை எங்களுக்கு முன்னாலேயே அங்கே வந்து காத்திருந்தன.

வீராயி கத்தவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முட்டிக்கு மேலே புதைந்தது. சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. சேற்றில் தாவும் சின்ன மீன்கள் அவள் அசைவுக்கு விலகி ஓடின. பானையை நிமிர்த்தி இடுப்பில் வைத்துக்கொண்டு, கொட்டியதை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

நானும் இறங்கினேன். என் முந்தானையை விரித்துப் பிடித்தேன். அவள் எடுத்து அதில் போட்டாள். எரிந்த எலும்பு வெள்ளையாக, லேசாக, விரலில் ஒட்டும்படி இருக்கும். கோழி எலும்பில் மஞ்சளும் எண்ணெயும் இருக்கும். தெரிந்துகொள்வது கடினமில்லை. ஆனாலும் சில சின்னத் துண்டுகளை அவள் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒன்றை முகர்ந்து பார்த்தாள். முகர்ந்துவிட்டுத் தூர எறிந்தாள். செத்தவனின் எலும்பைத் தொடுவதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் இலையில் கிடந்ததைத் தொட்டபோதுதான் கையை உதறிக்கொண்டேன். ஒரு தொடை எலும்பில் பல் பதிந்த அடையாளம் இருந்தது. யாருடைய பல் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"நம்மள ஆறு ஏமாத்திடுச்சே" என்று பத்துமலை சொல்லிக்கொண்டிருந்தான். "கடலுக்குத்தானே போகணும்? எப்படி இங்க வந்து..."

அந்த மலாய்க்காரப் பெண் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தாள். போகாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பத்துமலையிடம் பேசினாள். அவன் இரண்டு மூன்று தடவை திருப்பிக் கேட்டான். அவன் முகம் மாறிற்று.

"அக்கா, இப்ப கடல் தண்ணி உள்ள ஏறுதாம். அதான் பாசாங். இன்னும் கொஞ்ச நேரத்துல நின்னு, பெறகு வெளிய எறங்குமாம். அப்ப விட்டா நேரா கடலுக்குப் போயிடுமாம்." லோரி இருந்த பக்கம் பார்த்தான். "இத அப்பவே கிராணிகிட்ட சொன்னேன்னு சொல்லுது. பொறுக்கச் சொல்லி. ஏறுற தண்ணியில விட்டா உள்ள போயி நாறிப் போயிடும்னுகூட சொல்லுச்சாம்."

வீராயி பொறுக்குவதை நிறுத்தவில்லை.

லோரியின் ஊதல் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. பானையோடு நாங்கள் திரும்பி வந்தபோது என் கணவர் முன் இருக்கையில் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருந்தார். மங்களம் மூக்கை மூடிக்கொண்டாள்.

"அய்யய்யோ, கத்தரின், சேறெல்லாம் பூசிக்கிட்டு என்னா கோலம் இது?"

"ஏறுங்க, ஏறுங்க" என்றார் என் கணவர். "என்ன, அதத் திரும்பவும் எடுத்துக்கிட்டு வந்துட்டாளா? விட்டதுன்னா விட்டதுதான். சாஸ்திரத்துல ரெண்டு தரம் விடறதெல்லாம் கெடையாது."

"ஒங்க சாஸ்திரம் என்னா கிராணி? வேதக்காரருதானே நீங்க" என்றான் பத்துமலை. அதுவரை அவன் அவரை அப்படிக் கேட்டதில்லை. "அந்தம்மா சொல்லுச்சாமே ஒங்ககிட்ட. தண்ணி ஏறுது, பொறுங்கன்னு."

"மலாய்க்காரி ஆயிரம் சொல்லுவா. நாளைக்குப் பெரட்டு இருக்கு. இருட்டுறதுக்குள்ள ஆத்த தாண்டணும். வண்டிய எடு."

"சிப்பி விக்கிறாங்கன்னு சொன்னீங்களே?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "வண்டிய எடுடா."

அந்தக் காலத்து லோரியை முன்னால் கம்பி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். பத்துமலை கம்பியைக் கையில் எடுத்தான். லோரிக்கு முன்னால் போனான். பிறகு அதைத் தாண்டி நடந்து, கரையில் வீராயி பக்கத்தில் போய் உட்கார்ந்து, கம்பியை மடியில் வைத்துக்கொண்டான்.

"என்னடா இது?"

"புள்ளையா நின்னு விட்டது நானு. குப்பையில விட்டுட்டு வர முடியாது. தண்ணி திரும்பட்டும்."

"வேலை போயிடும்."

"போவட்டும்."

"டேய், துரைகிட்ட சொல்லி..."

"சொல்லுங்க. இப்ப சத்தம் போடாம இருங்க, கொசு வாயில போயிடும்."

ஜெயபாலன் இறங்கிவந்து தோளில் கைபோட்டுச் சமாதானம் பேசினார். ஒரு வெள்ளிப் பணம் தருவதாகவும் சொன்னார். பத்துமலை கம்பியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். வீராயி நிமிர்ந்து ஜெயபாலனைப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லன்னு சொன்னீங்க" என்றாள். அவர் லோரிக்குத் திரும்பிப் போனார்.

காத்திருந்தோம். நான் முந்தானையில் இருந்ததைப் பானையில் இட்டு, பானையின் மறுபக்கம் உட்கார்ந்தேன். ஒருவரும் பேசவில்லை. எனக்கு மௌனம் பழக்கம். ஆனால் அது வேறு மாதிரி. அது நால்வர் சேர்ந்து ஒன்றைச் சுமப்பதுபோல இருந்தது. மலாய்க்காரப் பெண்ணும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். லோரிப் பக்கமிருந்து கொசு அடிக்கும் சத்தமும் என் கணவரின் முனகலும் விட்டு விட்டுக் கேட்டன. அந்த மனிதரோடு அன்றிரவும் அதற்குப் பிறகும் ஒரே கூரையில் இருக்கவேண்டும் என்பதை நினைத்தேன். சேற்று நாற்றம் என் கையில் இருந்தது. அதைக் கழுவிவிடலாம் என்றும் நினைத்தேன்.

தண்ணீர் மெதுவாயிற்று. ஓர் இலை நடுக் கால்வாயில் எந்தப் பக்கமும் போகாமல் நின்றது. பிறகு அது வந்த வழியே திரும்ப ஆரம்பித்தது. மலாய்க்காரப் பெண் எழுந்து தலையசைத்தாள்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. பத்துமலை மறுபடி சட்டையைக் கழற்றினான். சூடம் தீர்ந்துவிட்டது. வீராயி துணியை இறுக்கிக் கட்டி, பானையைத் தன் கையாலேயே அவனிடம் கொடுத்தாள். தெப்பம் இந்தத் தடவை மெதுவாகத்தான் கிளம்பியது. போகப் போக வேகம் பிடித்தது. லோரியைத் தாண்டிப் போனபோது மங்களம் கண்ணை மூடிக்கொண்டாள். வீராயி இந்த முறை பின்னால் நடக்கவில்லை. "போங்க" என்றாள், புருஷனை வேலைக்கு அனுப்புவதுபோல. சதுப்பு மரங்களின் இருட்டுக்குள் அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

பானை கடலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. அந்த மலாய்க்காரப் பெண்ணின் பெயரை நாங்கள் கேட்கவில்லை. பத்துமலைக்கு அந்த மாதமே வேலை போயிற்று. அவன் ஈப்போவுக்கும் கோப்பெங்குக்கும் இடையில் பஸ் ஓட்டினான். கல்யாணம் செய்துகொண்டு கோப்பெங்கிலேயே தங்கிவிட்டான். ஜெயபாலன் வேறு தோட்டத்துக்கு மாறிப்போய்க் குடியில் செத்தார். மங்களம் தைப்பிங்கில் தம்பி வீட்டில் இருந்தாள். ரப்பர் விலை விழுந்து ஆள் குறைத்த வருஷம் வீராயியைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். நாகப்பட்டினத்தில் இறங்கினாள் என்று கேள்வி, அதற்குமேல் தெரியாது. என் கணவர் சூசைநாதன் பெரிய கிராணியாகி, பக்கவாதத்தில் ஒரு வருஷம் படுத்துக் கிடந்து இறந்தார். அந்த ஒரு வருஷமும் நான்தான் பார்த்துக்கொண்டேன். இப்போது ஈப்போவில் என் மகள் பெட்ரீசியா வீட்டில் இருக்கிறேன்.